அரை வயிறு சாப்பிட்ட எலிக்கு ஆயுள் கூடியது உண்மைதான்... நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கும் கூடுமா?

செங்கல்பட்டிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால், படாளம் தாண்டி, மதுராந்தகத்துக்குக் கொஞ்சம் முன்னால் வரும் ஊர் கருங்குழி. எங்கள் பெரியப்பாவுக்கு அதுதான் ஊர். வயது 68. கொஞ்சம் நிலம், இரண்டு மாடு. பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார்.

பொங்கலுக்குப் போயிருந்தபோது திண்ணையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து அதிர்ந்துவிட்டேன். கன்னம் ஒட்டிப்போய், சட்டை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன பெரியப்பா, உடம்பு சரியில்லையா?"

"அட, நல்லாத்தான்டா இருக்கேன். ராத்திரி சாப்பாட்டை நிறுத்திட்டேன். காலையிலயும் வெறும் கடுங்காபிதான். எலிக்குத் தீனியைப் பாதியா கொறைச்சா ஒண்ணரை மடங்கு உசுரோட இருக்குதாம். போன்ல வந்துச்சு. சயின்ஸ்காரங்களே சொல்றாங்க."

உள்ளேயிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. "ஆமா, எலி மாதிரியேதான் ஆயிட்டாரு!"

எல்லோரும் சிரித்தோம். மூன்று மாதத்தில் ஏழு கிலோ குறைந்திருந்தார். அடுத்த வாரம் விடியற்காலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவருக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பெரியம்மா ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்ததால் பிழைத்தார். "ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்று டாக்டர் கேட்டாராம். "ஒண்ணும் சாப்பிடலை சார். ஆனா மாத்திரையை மட்டும் மறக்காம போட்டுட்டேன்" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார் பெரியப்பா. அந்த மாத்திரை, அவர் சாப்பிடுவார் என்று கணக்குப் போட்டுக் கொடுத்த மாத்திரை.

சரி, அவர் பார்த்த வீடியோ பொய்யா? இல்லை. அதுதான் சிக்கலே. அது முழுப் பொய்யாக இருந்திருந்தால் சுலபமாக ஒதுக்கிவிடலாம். எலிக்கு ஆயுள் கூடியது நிஜம். ஆனால் அந்த எலி என்ன சாப்பிட்டது, எந்த வயதில் ஆரம்பித்தது, எந்த மாதிரி எலி பிழைத்தது என்ற மூன்று விஷயமும் வீடியோவில் வரவில்லை. உங்கள் வீட்டுக் குழுவிலும் இந்த வீடியோ வந்திருக்கலாம். அதனால் அந்த எலிக் கதையை ஒருமுறை முழுசாகப் பார்த்துவிடுவோம்.

கார்னெல் எலிகள்

இந்த ஆராய்ச்சிக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. 1917-லேயே அமெரிக்காவில் ஆஸ்போர்ன், மெண்டல் என்ற இரு விஞ்ஞானிகள், தீனி குறைந்து வளர்ச்சி தாமதமான எலிகள் அதிக நாள் வாழ்வதைக் கவனித்து எழுதினார்கள். ஆனால் இதை முறையாகச் சோதித்து உலகத்துக்குச் சொன்னவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கிளைவ் மெக்கே. 1935-ல் அவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வுதான் இன்று வரை எல்லோரும் காட்டும் ஆதாரம்.

அவர் செய்தது இதுதான். பால்குடி மறந்த எலிக்குட்டிகளை எடுத்துக்கொண்டார். ஒரு கூட்டத்துக்கு வேண்டிய அளவு தீனி. மற்ற கூட்டங்களுக்கு, உயிரோடு இருக்கப் போதும் ஆனால் வளர முடியாது என்கிற அளவுக்குத் தீனி. இரண்டாவது வகை எலிகள் குட்டையாக, சின்னதாகவே இருந்தன. ஆனால் அவற்றில் ஆண் எலிகள், நன்றாகத் தின்று வளர்ந்த ஆண் எலிகளைவிட மிக அதிக நாள் வாழ்ந்தன. பெண் எலிகளிடம் அந்த ஆய்வில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். மெக்கே குறைத்தது கலோரியை, அதாவது உணவிலிருந்து கிடைக்கும் எரிசக்தியை மட்டும்தான். புரதம், வைட்டமின், தாது உப்பு எதிலும் கை வைக்கவில்லை. தீனியின் அளவு குறைந்தாலும் அதில் சத்து நிறைந்திருக்கும்படி பார்த்துக்கொண்டார். இன்றைக்கும் இந்தத் துறையில் 'சத்துக்குறைவு இல்லாத கலோரிக் குறைப்பு' என்றுதான் சொல்வார்கள். வீடியோவில் பின்பாதி மட்டும் வந்தது. முன்பாதி காணாமல் போய்விட்டது.

அதற்குப் பிறகு சுண்டெலிகளின் காலம் வந்தது. 1986-ல் கலிஃபோர்னியாவில் ரிச்சர்ட் வைண்ட்ரக், ராய் வால்ஃபோர்ட் குழு, வாரத்துக்கு 85 கலோரி, 50 கலோரி, 40 கலோரி என்று சுண்டெலிகளுக்கு அளந்து கொடுத்துப் பார்த்தது. அளவு குறையக் குறைய ஆயுள் படிப்படியாகக் கூடியது. 40 கலோரிக் கூட்டத்தில் அதிக நாள் வாழ்ந்த பத்து சதவிகிதச் சுண்டெலிகள் சராசரியாக 53 மாதம் இருந்தன. சாதாரணமாக ஆய்வகச் சுண்டெலி இரண்டு, இரண்டரை வருஷம் இருந்தாலே அதிகம். பெரியப்பா சொன்ன 'ஒண்ணரை மடங்கு' கணக்கு இந்த மாதிரி ஆய்வுகளிலிருந்து வந்ததுதான்.

ஏன் அப்படி நடக்கிறது?

ஒரு விவசாயியைக் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் நிறைய வருகிற வருஷம் விதைப்பு, நடவு, அறுப்பு என்று ஓடிக்கொண்டே இருப்பார். வரப்பு உடைந்திருந்தாலும் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடுவார். தண்ணீர் குறைந்த வருஷம்தான் உட்கார்ந்து வரப்பைச் சரிசெய்வார், கலப்பையைப் பழுது பார்ப்பார்.

நம் செல்லும் கிட்டத்தட்ட அப்படித்தான். சாப்பாடு நிறைய வந்துகொண்டே இருந்தால் இன்சுலினும் வளர்ச்சியைத் தூண்டும் வேறு சில சுரப்புகளும் உயர்ந்தே இருக்கும். செல் 'வளரு, பெருகு' என்ற கதியில் ஓடும். சாப்பாடு குறையும்போது அந்த உத்தரவு தளர்ந்து, செல் தனக்குள் இருக்கும் பழுதான பாகங்களை உடைத்து, மறுபடி பயன்படுத்த ஆரம்பிக்கிறது. இந்தச் சுத்திகரிப்பு வேலைக்குத்தான் 'ஆட்டோஃபேஜி' என்று பெயர்.

'இதைக் கண்டுபிடித்து, பட்டினி கிடந்தால் நல்லது என்று சொன்னதற்கு ஜப்பான்காரருக்கு நோபல் பரிசே கொடுத்தாங்க' என்றும் ஒரு செய்தி சுற்றுகிறது. 2016-ல் யோஷினோரி ஓசுமிக்கு நோபல் கிடைத்தது நிஜம். ஆனால் அவர் பரிசு வாங்கியது ஆட்டோஃபேஜி எப்படி நடக்கிறது என்பதைக் கண்டறிந்ததற்காக. அந்த முக்கியமான சோதனைகளை அவர் செய்தது ஈஸ்டில். ஆமாம், ரொட்டி மாவைப் புளிக்க வைக்கிற அதே ஈஸ்ட்தான். 'ராத்திரி சாப்பிடாதீங்க' என்று மனிதர்களுக்குச் சொன்னதற்காக யாருக்கும் நோபல் கிடைக்கவில்லை.

நம்ம நீலகிரியில் ஒரு எலிக் கதை

மெக்கேயின் ஆய்வு வருவதற்குச் சில வருஷம் முன்பே, தமிழ்நாட்டில் ஒரு பெரிய எலிச் சோதனை நடந்திருக்கிறது. இடம், குன்னூர். செய்தவர் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர். குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ஒற்றை அறையில், 1918-ல், 'பெரிபெரி' நோயைப் பற்றி ஆராயத் தொடங்கினார். பாலிஷ் போட்ட அரிசியை மட்டுமே நம்பி வாழ்ந்தவர்களுக்கு வந்த நோய் அது. தவிட்டோடு போய்விட்ட வைட்டமின் பி1தான் அதற்குக் காரணம் என்பது இன்று பள்ளிப் பாடம்.

1920-களில் மெக்கரிசன் ஒரு வித்தியாசமான வேலை செய்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் அன்றைக்கு என்ன சாப்பிட்டார்களோ, அதை அப்படியே எலிகளுக்குச் சமைத்துப் போட்டார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு. முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, முளைகட்டிய கொண்டைக்கடலை, பச்சைக் காய்கறி, எப்போதாவது கொஞ்சம் இறைச்சி. இன்னொரு கூட்டத்துக்குப் பட்டாணியர் சாப்பாடு. இப்படியே மராத்தியர், கூர்க்கர், கன்னடர், வங்காளி என்று போய், கடைசியில் 'மதராசி' சாப்பாடு. பாலிஷ் போட்ட அரிசிச் சோறு நிறைய, பருப்பும் காய்கறியும் கொஞ்சம், பால் மோர் அதைவிடக் கொஞ்சம், கூடவே காபி.

சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலிகளின் சராசரி எடை சுமார் 235 கிராம். மதராசி எலிகளின் எடை சுமார் 155 கிராம். ஏழு கூட்டத்தில் கடைசி இடம் நமக்குத்தான்!

இது 'ஒல்லியாக இருந்தால் ஆயுள் கூடும்' என்கிற கதை இல்லை. சத்தான சாப்பாட்டில் வளர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளை, மனிதக் கணக்கில் 50 வயது என்று சொல்லத்தக்க இரண்டு வயது வரை, மெக்கரிசன் கவனித்தார். அவற்றில் நோய் என்பதே கிட்டத்தட்ட இல்லை என்று எழுதினார். சத்துக் குறைந்த தீனி சாப்பிட்ட எலிகளிடமோ நுரையீரல், வயிறு, குடல் என்று வரிசையாகக் கோளாறுகள். இங்கிலாந்தின் ஏழைகள் சாப்பிட்ட வெள்ளை ரொட்டி, செயற்கை வெண்ணெய், சர்க்கரை போட்ட டீ, டின் இறைச்சி, ஜாம் கொடுத்துப் பார்த்த எலிகள் வளர்ச்சி குன்றி, எரிச்சலாகி, கடைசியில் தங்களில் பலவீனமானதையே கொன்று தின்ன ஆரம்பித்தன.

இந்தச் சோதனைக்கு இன்றைய கண்ணில் குறைகள் உண்டு. எந்தச் சாப்பாட்டில் எத்தனை கலோரி என்று மெக்கே மாதிரி அளந்து பிரிக்கவில்லை. ஆயுளின் கடைசி நாள் வரை பார்க்கவும் இல்லை. 'தென்னாட்டுச் சாப்பாடே மட்டம்' என்றும் இதை வைத்துச் சொல்ல முடியாது. அரிசி மலைபோல, மற்றதெல்லாம் பேருக்கு என்றிருந்த அந்தக் கால ஏழைத் தட்டுக்குக் கிடைத்த மதிப்பெண்தான் அது.

ஆனால் கார்னெல் எலியையும் குன்னூர் எலியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் சின்ன உடம்புதான். சத்து குறையாமல் கலோரி மட்டும் குறைந்த கார்னெல் எலி, வளர்ந்த எலியைவிட அதிக நாள் இருந்தது. சத்தே குறைந்துபோன குன்னூர் எலி, நோயாளியாக இருந்தது. ஒரே தராசில் நிறுத்தால் இரண்டும் ஒன்று மாதிரிதான் தெரியும்.

இப்போது சொல்லுங்கள், மத்தியானம் ஒருவேளை மட்டும் சோறும் சாம்பாரும் சாப்பிட்ட எங்கள் பெரியப்பா எந்த எலி?

வீடியோவில் வராத சங்கதிகள்

முதல் சங்கதி, எப்போது ஆரம்பிப்பது என்பது. 2019-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்றில், அதுவரை இஷ்டம்போல் தின்று 24 மாதம் வாழ்ந்த பெண் சுண்டெலிகளுக்கு அந்த வயதில் தீனியைக் குறைத்துப் பார்த்தார்கள். மனிதக் கணக்கில் அது அறுபதுகளின் கடைசி, அதாவது பெரியப்பா வயது. இளமையிலிருந்தே அளவாகச் சாப்பிட்ட சுண்டெலிகளுக்குக் கிடைத்த பலனில் பெரும்பகுதி இவற்றுக்குக் கிடைக்கவில்லை. மிகச் சிறிய முன்னேற்றம்தான்.

இரண்டாவது, எல்லா எலிக்கும் இது ஒத்துவராது. 2010-ல் அமெரிக்காவில் 41 வெவ்வேறு பரம்பரைச் சுண்டெலிகளுக்குத் தீனியை 40 சதவிகிதம் குறைத்துப் பார்த்தார்கள். சில பரம்பரைகளுக்கு ஆயுள் கூடியது. ஆனால் அதைவிட அதிகமான பரம்பரைகளுக்கு ஆயுள் குறைந்தது! ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒத்துக்கொள்கிற பத்தியம் தம்பிக்கு ஒத்துக்கொள்ளாது என்று பாட்டி சொன்னது ஞாபகம் வருகிறதா?

மூன்றாவது, எனக்கு ரொம்ப முக்கியமாகப் பட்டது. 2024-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு. மனிதர்களைப் போலவே ஒன்றுக்கொன்று மரபணு வேறுபட்ட 960 பெண் சுண்டெலிகள். ஐந்து கூட்டம். இஷ்டம்போல் தின்றவை சுமார் 25 மாதம் வாழ்ந்தன. வாரத்தில் ஒருநாளோ இரண்டு நாளோ பட்டினி கிடந்தவை 28 மாதம். தினமும் 20 சதவிகிதம் குறைவாகத் தின்றவை 30 மாதம். 40 சதவிகிதம் குறைவாகத் தின்றவை 34 மாதம்.

'அப்போ வீடியோ சரிதானே?' என்கிறீர்களா? பொறுங்கள். ஒரே கூட்டத்துக்குள் எது அதிக நாள் பிழைத்தது என்று பார்த்தார்கள். தீனி குறைந்தபோதும் எடையை விடாமல் பிடித்து வைத்துக்கொண்ட சுண்டெலிதான் பிழைத்தது. வேகமாக எடை இழந்தவை சோர்ந்து, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்து, சீக்கிரம் போய்ச் சேர்ந்தன. 40 சதவிகிதக் கூட்டத்தில் தசையும் கரைந்திருந்தது. அதோடு, ஆயுளைத் தீர்மானித்ததில் சாப்பாட்டைவிட மரபணுவின் பங்குதான் பெரிது என்றும் அந்த ஆய்வு சொன்னது.

அதாவது 'எடை எவ்வளவு குறையுதோ அவ்வளவு ஆயுள்' என்று நாம் நினைத்தோம். எலி அதற்கு நேர் எதிராகச் சொல்கிறது.

நான்காவது, எலியின் ஒருநாள் நம் ஒருநாள் இல்லை. கையளவு உடம்பு அது. ஒருநாள் முழுக்கப் பட்டினி போட்டால் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குகூடக் குறைந்துவிடும். நாம் ஒருநாள் விரதம் இருந்தால் அப்படி ஆறு கிலோ குறைகிறோமா? அதோடு, ஆய்வக எலி கூண்டுக்குள் பாதுகாப்பாக இருக்கிறது. டெங்குக் காய்ச்சல் இல்லை, ஈரத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவதில்லை. கொஞ்சம் தசை கரைந்தாலும் அது சமாளித்துக்கொள்ளும். நம் வீட்டுப் பெரியவருக்கு அந்தத் தசைதான் கீழே விழாமல் காப்பாற்றுகிறது. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் எழுந்து நடக்க வைப்பதும் அதுதான்.

ஐந்தாவது, எப்போது சாப்பிடுகிறது என்பது. 2022-ல் அமெரிக்காவின் டெக்சஸில் சுண்டெலிகளுக்குத் தீனியை 30 சதவிகிதம் குறைத்தார்கள். குறைத்ததை நாள் முழுக்கப் பரப்பிக் கொடுத்தபோது ஆயுள் 10 சதவிகிதம் கூடியது. சுண்டெலி சுறுசுறுப்பாக ஓடியாடும் ராத்திரி நேரத்தில் மட்டும் கொடுத்தபோது 35 சதவிகிதம் கூடியது. கலோரி அதேதான். நேரம் மட்டும் வேறு. நாம் பகலில் இயங்குகிற பிராணிகள் என்பதால், நமக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் 'பகலில் சாப்பிடு' என்றுதான் வரும். பெரியப்பாவோ காலைப் பலகாரத்தை விட்டுவிட்டார்.

குரங்கும் மனிதனும் என்ன சொல்கிறார்கள்?

எலிக்கு அடுத்து நமக்கு நெருங்கிய சொந்தம், குரங்கு. அமெரிக்காவில் இரண்டு இடங்களில் ரீசஸ் குரங்குகளுக்குப் பல வருஷம் கலோரி குறைத்துப் பார்த்தார்கள். விஸ்கான்சினில் பலன் தெரிந்ததாக 2009-ல் சொன்னார்கள். இன்னோர் இடமான தேசிய முதுமை ஆய்வு நிறுவனத்தில் ஆயுள் கூடவில்லை என்று 2012-ல் அறிவித்தார்கள்.

ஏன் இந்த முரண்? ஒரு முக்கியமான காரணம் தட்டில் இருந்தது. விஸ்கான்சின் குரங்குகளின் தீனியில் கால் பங்குக்கும் மேல் சர்க்கரை. இஷ்டம்போல் தின்ற குரங்குகளுக்கு உடம்பு பெருத்து, சர்க்கரை நோயும் வந்தது. அதைக் குறைவாகத் தின்றவை தப்பித்தன. மற்ற இடத்தில் தீனியே நல்ல தீனி, அளவும் மிதம். அதற்கு மேல் குறைத்துப் பெரிய லாபம் கிடைக்கவில்லை. குன்னூர் எலி சொன்னதையேதான் குரங்கும் சொல்கிறது, எவ்வளவு என்பதற்கு முன்னால் 'என்ன' என்று பார்.

மனிதர்களில் 'கேலரி' என்ற ஆய்வு பிரபலம். 218 பேர், இரண்டு வருஷம். 25 சதவிகிதம் குறைக்கச் சொன்னார்கள், அவர்களால் முடிந்தது சராசரியாக 12 சதவிகிதம்தான். ரத்த அழுத்தம், கொழுப்பு, இன்சுலின் வேலை செய்யும் திறன் எல்லாம் மேம்பட்டன. நல்ல செய்திதான். ஆனால் எலும்பின் அடர்த்தி கொஞ்சம் குறைந்தது. இன்னொன்று, 50 வயதைத் தாண்டியவர் யாரையும் இதில் சேர்க்கவில்லை. சர்க்கரை நோயாளிகளையும் சேர்க்கவில்லை.

அப்போ நாம என்னதான் செய்யறது?

உங்களுக்கு 30 முதல் 50 வயது, இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டிவிட்டது என்றால், குறைத்துச் சாப்பிடுவது உங்களுக்கு நல்லதுதான். ஆனால் கார்னெல் எலி மாதிரி குறையுங்கள். முதலில் கழிக்க வேண்டியது சர்க்கரை போட்ட டீ, காபி, பேக்கரி அயிட்டம், எண்ணெய்ப் பலகாரம், இரண்டாம் முறை வாங்கும் சோறு. பருப்பு, காய், முட்டை, மீன், மோர் குறையக் கூடாது. ராத்திரிச் சாப்பாட்டைத் தூங்குவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் முடித்துக்கொள்ளுங்கள்.

குன்னூரின் அந்த ஒற்றை அறை பின்னாளில் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. அவர்கள் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி என்ன சொல்கிறது தெரியுமா? நம் நாட்டில் ஒருநாள் எரிசக்தியில் 50 முதல் 70 சதவிகிதம் அரிசி, கோதுமை போன்ற தானியத்திலிருந்தே வருகிறது. அது 45 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. பருப்பு, முட்டை, மீன், இறைச்சியிலிருந்து 14 சதவிகிதம் வர வேண்டும். வருவதோ 6 முதல் 9 சதவிகிதம். நூறு வருஷம் கழித்தும் மதராசி எலியின் தட்டு முழுசாக மாறிவிடவில்லை!

65 வயதைத் தாண்டியவர் வீட்டில் இருந்தால் கணக்கே வேறு. அவருக்குக் கவலை தொப்பையைவிடத் தசைதான். முதியவர்களுக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் தினமும் புரதம் வேண்டும் என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். 60 கிலோ மனிதருக்கு 60 கிராம். பெரியப்பாவின் ஒருவேளைச் சோறு, சாம்பார், பொரியலைக் கூட்டிப் பார்த்தேன். 20 கிராம் தேறினால் பெரிய விஷயம்.

இதற்குப் பவுடர் டப்பா எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு டம்ளர் பாலில் 6 கிராம். ஒரு கை வேர்க்கடலையில் 7 கிராம். ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பில் 7 கிராம். நூறு கிராம் மீனில் கிட்டத்தட்ட 20 கிராம். மதுராந்தகம் பக்கம் கடலை விளைகிறது, ஏரி மீன் கிடைக்கிறது, கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் பக்கத்திலிருந்து கடல் மீனும் வருகிறது. சைவக்காரர்கள் பருப்பு, சுண்டல், தயிர் அளவைக் கூட்டலாம். ஆனால் சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் டாக்டர் சொல்லும் அளவை மீறக் கூடாது.

வீட்டிலேயே இரண்டு சோதனை செய்து பார்க்கலாம். கையை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசை வலு குறைந்திருக்கலாம். அடுத்தது, தையல் டேப்பால் கெண்டைக்காலின் பருத்த இடத்தை அளந்து பாருங்கள். ஆணுக்கு 34 செ.மீ., பெண்ணுக்கு 33 செ.மீ.க்குக் கீழே இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆசிய நிபுணர் குழு 2019-ல் வகுத்த அளவுகள் இவை. முயற்சி எதுவும் செய்யாமலேயே ஆறு மாதம், ஒரு வருஷத்துக்குள் எடையில் 5 சதவிகிதத்துக்கு மேல் குறைந்தால், 'இளைச்சுட்டீங்களே, சூப்பர்' என்று பாராட்டாதீர்கள். பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள்.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், டாக்டரைக் கேட்காமல் ஒருவேளைச் சாப்பாட்டைக்கூட விடக் கூடாது. விரத நாளாக இருந்தாலும் முன்கூட்டியே போய், 'இந்த நாள்ல மாத்திரையை என்ன பண்ணட்டும்?' என்று கேட்டுவிடுங்கள். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, குழப்பம் வந்தால் அது ஆட்டோஃபேஜி இல்லை, ரத்தத்தில் சர்க்கரை இறங்கியதன் அடையாளம். உடனே மூன்று நாலு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, பிறகு சாப்பாடும் கொடுக்க வேண்டும். நினைவு இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பெரியப்பா இப்போது எப்படி இருக்கிறார்?

டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். காலையில் இரண்டு இட்லியோடு ஒரு முட்டை. மத்தியானம் சோறு ஒரு கரண்டி குறைந்து, முருங்கைக்கீரையும் பருப்பும் கூடியிருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் மீன். ராத்திரி ஏழரைக்குள் தோசையும் கொண்டைக்கடலைக் குழம்பும். அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கிறார், பத்து முறை. எண்ணுவது பெரியம்மா. ஏழில் மூன்று கிலோ திரும்பி வந்துவிட்டது.

போன வாரம் போனில் கேட்டேன். "என்ன பெரியப்பா, எலி எப்படி இருக்கு?"

"எலி நல்லாத்தான்டா இருந்துச்சு. நாந்தான் சரியா கேட்டுக்கலை" என்றார்.

அடுத்த முறை உங்கள் போனுக்கும் ஒரு எலி வந்து சேரும். தட்டை நகர்த்தி வைப்பதற்கு முன்னால் அதனிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். நீ என்ன சாப்பிட்டாய்? எந்த வயதில் ஆரம்பித்தாய்? உன் கூட்டத்தில் எது பிழைத்தது? பதில் வரும் வரை, வீட்டுப் பெரியவரின் தட்டில் இன்னொரு கரண்டி பருப்பைப் போடுங்கள்.